வாளி தூக்கிய கூட்டாளிகள்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில், ஆமத்தூரைச் சேர்ந்த வேதியியல் துறைப் பழைய மாணவர் ஆற்றிய உரை)

 

"அஞ்சு நிமிஷம் பேசுங்க அண்ணாச்சி" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ரிட்டயர்டு வாத்தியார் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு அஞ்சு நிமிஷம் என்றால் நடக்கிற காரியமா? இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் தாங்கள் வகித்த பதவிகளைச் சொன்னார்கள். நான் பதவியே இல்லாத ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆமத்தூரில் நாங்கள் ஏழு பேர். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர் ஒருவர், பஸ் கண்டக்டர் ஒருவர், லோடுமேன் ஒருவர், டெய்லர் ஒருவர், மானாவாரி விவசாயிகள் இருவர், அப்புறம் வாத்தியாராகிய நான். இன்றைக்கு மிச்சம் ஐந்து பேர்.

எங்கள் பக்கம் தூரத்தில் 'டம்' என்று கேட்டால் யாரும் இடி என்று நினைக்க மாட்டோம். புகை எந்தத் திசையில் என்று பார்த்து சைக்கிளை மிதிப்போம். விருதுநகரிலிருந்தோ சிவகாசியிலிருந்தோ தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரைக்கும் எங்களால் ஆனதைச் செய்வோம். யூனிபாரம் கிடையாது, ரிஜிஸ்தர் கிடையாது, பயிற்சியும் கிடையாது. வாளி மட்டும் உண்டு.

அந்த வாளியைப் பற்றித்தான் இந்த மேடையில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் கல்லூரி லேபில் சிவப்புப் பெயிண்ட் அடித்த மணல் வாளி தொங்கும். நாங்கள் அதில் பேனா நிப்பைத் துடைப்போம். உலோகப் பொடி எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஹைட்ரஜன் கிளம்பித் தீ இன்னும் சீறும், உலர்ந்த மணல்தான் போட வேண்டும் என்று பரீட்சையில் எழுதி நான் நல்ல மார்க்கே வாங்கினேன். ஆனால் 1980களில் ஒருநாள் ஒரு ஷெட்டில் அலுமினியப் பொடி எரிந்தபோது, முதல் வாளித் தண்ணீரை ஊற்றியவன் நான்தான்! படித்தது ஒன்றும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. குப்பென்று சீறி வெடித்தது. என் பக்கத்தில் நின்ற கண்டக்டருக்கு வலது கை வெந்தது, இடது காது கேட்காமல் போயிற்று.

பத்து நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. பதினோராவது நாள் போனேன். அவர் சொன்னார்: "வாத்தியாரே, நீங்க ஊத்தலைன்னா நான் ஊத்தியிருப்பேன். என் கையிலயும் வாளிதான இருந்துச்சு." அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. ஸ்டாப் கேட்டால் காதில் வாங்க மாட்டேங்கிறான் என்று பாசஞ்சர்கள் திட்டுவார்கள். அதற்கும் காரணம் சொல்ல மாட்டார். இன்றும் சாயங்காலம் வேப்பமரத்தடியில் கூடினால் நாங்கள் எல்லோரும் அவருக்கு வலது பக்கமாகத்தான் உட்காருவோம். எங்கள் சிநேகிதம் என்பது இதுதான்.

வயதாகி, ஓடும் கால் நின்றது. இனி நமக்கென்ன வேலை என்று இருந்துவிட்டோம். அப்போதுதான் 2012 செப்டம்பர் 5 வந்தது. ஆசிரியர் தினம். சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 40 பேர் அளவில் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்ல. முதல் சத்தம் கேட்டு உதவப் போனவர்கள், பார்க்கப் போனவர்கள். அடுத்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். அன்று இரவு நாங்கள் யாரும் பேசவில்லை. லோடுமேன்தான் கடைசியில் சொன்னார்: "நாம ஓடுனோம் பாத்தீங்களா, அப்படித்தான் அவங்களும் ஓடியிருக்காங்க."

அதன் பிறகு எங்கள் வேலையை மாற்றிக்கொண்டோம். பள்ளிக்கூடம், டீக்கடை, கோயில் வாசல் என்று போய்ச் சொல்கிறோம். சத்தம் கேட்டால் ஓடாதே. முதலில் 101க்குப் போன் போடு. பாதையை மறித்து நிற்காதே, வண்டி வர வழி விடு. எந்த ஷெட்டில் எத்தனை பேர் என்று போர்மேனிடம் கேட்டுத் தீயணைப்பு வீரர்களிடம் சொல். வெந்த இடத்தில் மை, பேஸ்ட் தடவாதே. இருபது நிமிஷம் நல்ல தண்ணீர் ஊற்று. ஒட்டிய துணியைப் பிய்க்காதே. ஓடுவதற்குத் தைரியம் வேண்டும், வாஸ்தவம். நிற்பதற்கு அதைவிடக் கூடுதல் தைரியம் வேண்டும்.

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரைத் திருநாள். 1944இல் அதே நாளில் பம்பாய் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் விட்டார்கள். அதனால் தீயணைப்பு நிலையங்களில் அன்று நீத்தார் நினைவு நாள். வருஷப் பிறப்புப் பாயசம் குடிக்கும் முன்னால் நாங்கள் ஐந்து பேரும் போய்ப் பின்வரிசையில் நின்று வணங்கிவிட்டு வருவோம்.

ஜெர்மனியில் ஊருக்கு ஊர் தொண்டர் தீயணைப்புப் படை உண்டு. வயதாகி ஓய்வு பெற்றவர்களுக்கும் அதில் தனிப் பிரிவு இருக்கிறது. பணி முடிந்தாலும் உறவு முடிவதில்லை. எங்களுக்கு அப்படி ஏதும் இல்லை, வேப்பமரம்தான் இருக்கிறது.

நண்பர்களே, உங்களில் பலர் தொழிலதிபர்கள். உங்கள் ஆலையில் ஒத்திகை நடத்தும்போது சுற்றுவட்டார ஊர்க்காரர்களையும் கூப்பிடுங்கள். மாணவ மணிகளே, மாதம் ஒரு சனிக்கிழமை ஆமத்தூருக்கு வாருங்கள். எங்களுக்குத் தெரிந்ததை, முக்கியமாக நாங்கள் செய்த தப்பை, கேட்டுக்கொண்டு போங்கள். நாங்கள் ஐந்து பேரும் போன பிறகு இதைச் சொல்ல ஆள் வேண்டாமா?

காலையில் லேபை எட்டிப் பார்த்தேன். மணல் வாளி தொங்குகிறது. தயவுசெய்து அதில் நிப்பைத் துடைக்காதீர்கள்!