மறவாக் காட்சிகள்

(சங்கத்தின் குடும்பக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மனிதன் தன் ஆயுளில் எண்ணிறந்த காட்சிகளைக் காண்கிறான். நேற்றுக் கண்டவற்றிற் பாதி இன்று நினைவில் இல்லை. ஆயினும், என்றோ கண்ட சில காட்சிகள் மட்டும் நரை திரை வந்த பின்னரும் உள்ளத்தை விட்டு அகலுவதில்லை. அவை ஏன் அவ்வாறு நிலைத்து நிற்கின்றன என்பதையும், அத்தகைய காட்சிகளை நம் மக்களுக்கு நாம் தேடிக் கொடுக்கின்றோமா என்பதையும் ஆராய்வதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். இதற்கு உதாரணம் தேடிக் காசிக்கோ காஷ்மீரத்துக்கோ போகவேண்டுவதில்லை. நம் செங்கற்பட்டுச் சீமையும் அதன் கடற்கரையுமே போதும்.

முதலில் திருக்கழுக்குன்றத்தை நினைப்போம். உச்சிவேளையில் மலைமேல் அர்ச்சகர் அன்னம் வைத்துக் காத்திருப்பார். எங்கிருந்தோ இரண்டு கழுகுகள் வந்து இறங்கி, அதனை உண்டு பறந்துபோகும். அதனைக் காண அயலூர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து வெயிலில் நிற்பார்கள். கண்டவர்களுக்கு இன்றும் அது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. ஆனால், 1990களின் கடைசிக்குப் பின்னர் அவை வருவதில்லை. அக்காலத்திலேயே இந்தியா முழுவதும் பாறுக் கழுகுகள் மடிந்து அருகின. கால்நடைகளுக்கு வலி நீங்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊன் வழியாகக் கழுகின் உடலிற் புகுந்து கொன்றதென ஆராய்ச்சியாளர் கண்டனர். கால்நடை வைத்தியத்தில் அம்மருந்து 2006ஆம் ஆண்டில் தடுக்கப்பட்டது. மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, படிகளும் இருக்கின்றன. கழுகு மட்டும் இல்லை. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளைகளை அழைத்துச் செல்லாதிருந்த பெற்றோர் அனந்தம் பேர். காட்சிக்கும் ஒரு காலமுண்டு என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, கடற்கரைக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து, தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கொண்டுபோயிற்று. அத்துயரை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகிறது. அன்று அலை மோதுவதற்கு முன் மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது, நீருக்கடியிற் கிடந்த பாறைகள் வரிசையாகத் தோன்றக் கண்டதாக அங்கிருந்தோர் பின்னர் கூறினர். சில நிமிஷங்களே நீடித்த காட்சி அது.

அலை திரும்பியபோது கரைமணலையும் அரித்துச் சென்றது. மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில் எழுத்துக்கள் வெளிப்பட்டன. வழிப்போக்கனுக்கு அவை வெறுங் கீறல்கள். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர்களோ, திருவிழிச்சில் என்னும் ஊரிலிருந்த சுப்பிரமணியர் கோயிலை அவ்வெழுத்துக்கள் குறிப்பதை அறிந்தார்கள். 2005ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அவ்விடத்தைத் தோண்டினர். மணலுக்கடியிலிருந்து கோயிலின் அடித்தளமும், பெரிய செங்கற்களால் ஆன சுவர்களும், கல்லிற் செய்த வேலும் வெளிவந்தன. அலை எல்லோருக்கும் பொதுவாகவே பாறையைக் காட்டிற்று. வாசிக்கத் தெரிந்த கண்ணுக்கே அது கோயிலைக் காட்டிற்று.

சகோதரர்களே! நாம் சொல்ல வந்த கருத்தும் இதுவே. பெரிதாய் இருப்பதனால் மட்டும் ஒரு காட்சி உள்ளத்தில் நிலைப்பதில்லை. கடற்கரையில் பிறந்தவன் கடலை நாள்தோறும் பார்த்தும் பாராதவனாகவே இருக்கிறான். காண்பதன் பொருளை அறிந்து கண்டால்தான் அது மனத்திற் பதியும். சிறு வயதில் அப்பொருளை எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும்.

மாமல்லபுரத்திற்கு நம் குடும்பத்தார் போகாமலில்லை. கல்யாணத்திற்கு வந்த உறவினரையும் பள்ளி விடுமுறைக்கு வந்த குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போகிறோம். சரிவில் நிற்கும் பெரிய உருண்டைக் கல்லைத் தாங்குவதுபோலக் கையை வைத்துப் படம் பிடித்துக்கொள்கிறோம். கடலில் கால் நனைத்து, சுண்டல் தின்று, மாலையில் வீடு திரும்புகிறோம். அதில் குற்றமில்லை. ஆனால், கல், மரம், இரும்பு, வெண்கலம், பொன் என்னும் ஐந்தொழிலைத் தம் பெயராகச் சொல்லிக்கொள்ளும் விசுவகர்ம குலத்தார், மற்றவர் பார்ப்பதை மட்டும் பார்த்துவிட்டு வருதல் போதுமா?

அருச்சுனன் தபசு என்றும், பகீரதன் தவம் என்றும் இருவிதமாகச் சொல்லப்படும் அந்தப் பாறைச் சிற்பம் ஏறத்தாழ 90 அடி நீளமுள்ளது. யானையின் பெருமையை யாரும் சொல்லாமலே குழந்தை காணும். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும், எலிகள் சூழத் தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் யாரேனும் விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். பாறையின் நடுவிலுள்ள இயற்கைப் பிளவையே ஆறாக்கி, அதில் நாகர்களை அமைத்த யுக்தியையும் எடுத்துச் சொல்ல வேண்டும். கல்லின் குறையைக் கலையின் நிறைவாக்கினான் அச்சிற்பி. இதைக் கேட்ட குழந்தை அப்பிளவை மறக்குமா?

முடிந்த வேலைகளைக் காட்டிலும் முடியாத வேலைகளே நமக்கு அதிகம் போதிக்கின்றன. அரைகுறையாய் நிற்கும் குகைகளிற் சென்று பாருங்கள். பாறையின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சால்களை இட்டு, இடையில் நிற்கும் சதுரக் கட்டிகளை உடைத்தெடுத்து, அவ்வாறே உள்ளே உள்ளே சென்ற முறை அங்கே பிரத்தியட்சமாகத் தெரிகிறது. பஞ்ச பாண்டவ ரதங்கள் எனப்படும் ஐந்தும் மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கப்பட்டவை. அதனால் சிகரம் முடிந்திருக்கும்போது அடிப்பாகம் முடியாமல் நிற்கிறது. கட்டடம் கட்டுவோர் அஸ்திவாரத்தில் தொடங்குகின்றனர். இவர்களோ சிகரத்தில் தொடங்கினர். ஒரு தவறு நேர்ந்தால் வேறு கல்லை வைத்து ஒட்ட இயலாது. ஆகவே, முதல் உளி விழுமுன்பே முழு ரதமும் அவர்கள் கருத்தில் இருந்திருக்க வேண்டும்.

அவர்கள் யார்? மாமல்லன் என்னும் நரசிம்மவர்மன், கடற்கரைக் கோயிலை எடுத்த இராஜசிம்மன் ஆகிய அரசர் பெயரைச் சரித்திரம் சொல்லும். வேலை செய்தவர் பெயரை அறிய, மாமல்லபுரத்திற்கு அண்மையிலுள்ள பூஞ்சேரிக்குப் போகவேண்டும். அங்கே பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், கலியாணி, கொல்லன் சேமகன் முதலான பெயர்கள் பழைய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. இவர்கள் இச்சிற்பங்களில் வேலைசெய்தவர்களாக இருக்கலாமென அறிஞர்கள் கருதுகின்றனர். கற்பணியாளர் நடுவே கொல்லன் பெயர் ஏன் வந்தது? கருங்கல் உளியை மழுக்கிவிடும். மழுங்கிய உளியை உலையிற் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்து, முனை கூட்டித் தருபவன் இல்லையேல் கற்றச்சன் கை கட்டி நிற்கவேண்டியதுதான். மாமல்லபுரத்துச் சிற்பம் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உலைக்களத்தின் வேலையும் இருக்கிறது. இதைப் பூஞ்சேரிப் பாறையினருகே நிறுத்தி நம் பிள்ளைகளுக்குச் சொன்னவர் எத்தனை பேர்?

மாமல்லபுரத்தில் 1957ஆம் ஆண்டு அரசாங்கத்தார் சிற்பப் பயிற்சி நிலையம் ஏற்படுத்தினர். பின்னர் அது கல்லூரியாக வளர்ந்தது. அதன் தலைவராக விளங்கிய வை. கணபதி ஸ்தபதி (1927–2011) அவர்களே, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையை அமைத்தவர். மாமல்லபுரக் கற்சிற்பங்களுக்கு 2017ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே, தொழில் அழிந்துவிட்டதென்று புலம்புவதற்கு இடமில்லை. எக்குலத்துப் பிள்ளைகளும் இன்று அக்கல்லூரியிற் பயின்று சிற்பிகளாகின்றனர். அது மகிழத்தக்கதே. ஆனால், அவர்கள் கற்றுக்கொண்டிருக்க, நாமோ நம் முன்னோர் பெருமையை மட்டும் மேடையில் பேசிக்கொண்டிருப்போமாயின், பெருமை நம்மிடமும் வித்தை வேறிடத்திலும் தங்கும்.

நம் பிள்ளைகள் யாவரும் உளி பிடிக்கவேண்டுமென்பதன்று எம் வாதம். கற்பட்டறையில் வருமானம் நிலையில்லை. மின்சார யந்திரம் கிளப்பும் கல்தூள் மார்பை அரிக்கிறது. வேறு படிப்பும் உத்தியோகமும் நாடும் பிள்ளையைக் குறை சொல்லோம். ஆயினும், எந்த வேலைக்குப் போனாலும் ஒரு கல்லின்மேல் உளி சென்ற தடத்தைப் பார்த்து, "இது இவ்வாறு செய்யப்பட்டது" என்று சொல்லக்கூடிய கண் அவர்களுக்கு வேண்டும். அந்தக் கண்ணைக் கொடுக்கக்கூடிய முதியவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் ஒருவர் இருவராகக் குறைந்துவருகின்றனர். திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் சொல்லிவிட்டு நிற்கவில்லை. இவர்களும் சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள்.

ஆகையால், நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வரும் தை மாதத்தில் தொடங்கி, ஆண்டுக்கொரு நாள், ஆண் பெண் என்னும் பேதமின்றி நம் பிள்ளைகளை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் செல்லுவோம். தொழிலறிந்த முதியவர் ஒருவரை மரியாதையுடன் வரவழைத்து முன்னே நடக்கச் செய்வோம். பொழுது விடியுமுன் கடற்கரைக் கோயிலருகே நின்று, கதிரொளி அதன் விமானத்தில் விழுவதைக் காண்போம். பின்னர் முடியாத குகையையும் ரதங்களையும் பார்த்து, பூஞ்சேரிப் பாறையில் அப்பெயர்களை உரக்கப் படிப்போம். கடைசியாக ஒரு பட்டறையில், ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் உளியும் சுத்தியும் கொடுத்து, ஒரு சிறு கல்லில் ஒரே ஒரு கோடு நேராக வெட்டச் சொல்லுவோம். அக்கோடு நேராக வாராது. வாராதபோதுதான், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டிய கோட்டின் அருமை அப்பிள்ளையின் கைக்குத் தெரியும். கை அறிந்ததைக் கண் மறப்பதில்லை.

செல்வம் சேர்த்து வைக்க நம்மில் எல்லோராலும் இயலாது. ஆயுள் முழுவதும் அழியாத ஒரு நாளைப் பிள்ளைக்குத் தர ஏழையாலும் இயலும். அதனை இவ்வாண்டே செய்வோமாக.