விசா என்பது நமக்கும் பாடம்தான்

(பதுளையில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணியினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், காணி, வீடு என்று பேசும் மேடையில் வெள்ளைக்காரனின் விசாவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எல்ல, தெமோதரை, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோழர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கவும், தம்பேதன்னைத் தோட்டத்து உச்சியில் லிப்டன் சீட்டுக்கு ஏறவும் வருகிறவர்கள் நம் லயங்களுக்கு முன்னால்தான் நடந்து போகிறார்கள். நம் பிள்ளைகள் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள், வழிகாட்டுகிறார்கள், ஹோட்டல் சமையலறையில் நிற்கிறார்கள். கொழுந்து குறைந்த மாதத்தில் பல காம்பராக்களில் அடுப்பு எரிவது அந்த வருமானத்தில்தான். ஆகவே விசாச் சட்டம் நம் சட்டியோடு சம்பந்தப்பட்டது.

முதலில் அந்தப் பயணி எப்படி உள்ளே வருகிறார் என்று பார்ப்போம். 2012 ஜனவரியிலிருந்து இலங்கையில் ஈ.டி.ஏ. என்ற முறை இருக்கிறது. புறப்படும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்துப் பெறும் பயண அனுமதி அது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பிப் போக டிக்கெட் வேண்டும். தங்கிச் சாப்பிடப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். சுற்றுலாவுக்கு வருகிறவருக்கு வழக்கமாக முதலில் 30 நாள் கிடைக்கும். அதற்கு மேல் தங்க வேண்டுமானால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பணம் கட்டி நீடிக்க வேண்டும்.

இதிலெல்லாம் முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே வேலை செய்யக்கூடாது. சம்பளத்துக்கும் கூடாது, சம்பளம் இல்லாமலும் கூடாது. தொழில் நடத்தவும் கூடாது. பார்க்க வந்தவர் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

இந்த விதியை மீறினால் அடி உள்ளூர்த் தொழிலாளிக்குத்தான். வெளியிலிருந்து வந்தவரே வாகனமும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்து, காசையும் வெளியிலேயே வாங்கிக்கொண்டால், நம் பையன் தெருவில் நிற்பான். தென்கரையில் இப்படிப்பட்ட முறைப்பாடுகள் எழுந்தன. கொவிட் காலத்திலும் போர்க் காலத்திலும் நீண்ட நாள் தங்க அனுமதிக்கப்பட்ட ரஷ்ய, உக்ரேனியப் பயணிகளின் விசா நீடிப்பை நிறுத்துவதாக 2024 பெப்ரவரியில் திணைக்களம் அறிவித்தது பெரிய விவகாரமானது. அதே ஆண்டு ஏப்ரலில் விசா வழங்கும் வேலை வெளிநாட்டுத் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது, கட்டணமும் கூடியது. வழக்குப் போட்டார்கள். ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது. பிறகு பழைய ஈ.டி.ஏ. முறை திரும்ப வந்தது. கொழும்பில் போடும் ஒரு கையெழுத்து எல்ல சந்தியில் நிற்கும் முச்சக்கர வண்டிவரை வந்து சேரும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் தோழர்களே, வெளிநாட்டுக்காரன் என்றாலே பகை என்ற பேச்சு நம் வாயிலிருந்து வரக்கூடாது. அந்தச் சொல்லால் அடிபட்டவர்கள் நாம். நம் முன்னோர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையோடு கடல் தாண்டினார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக 'துண்டு' வேண்டியிருந்தது. இவ்வளவு கடன், கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய சீட்டு அது. நாட்டுக்குள்ளேயே நமக்குப் போட்ட விசா என்று சொல்லலாம். 1921இல்தான் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள்.

சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே இரண்டு சட்டங்கள் வந்தன. 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 20ஆம் இலக்கச் சட்டம் குடிவரவு, குடியகல்வுச் சட்டம். இன்று விமானத்தில் வரும் பயணிக்கு விசா கொடுப்பது அந்தச் சட்டத்தின் கீழ்தான். பிறந்த லயத்திலேயே தங்க அன்று பலருக்கு வதிவிட அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 1949 சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டவர்கள் மணமானவரானால் 7 வருடம், ஆகாதவரானால் 10 வருடம் இடைவிடாமல் வசித்ததை நிரூபிக்க வேண்டும். லயத்தில் இருந்தவரிடம் அதற்கு என்ன பத்திரம் இருக்கும்? 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். 1988லும் 2003லும் வந்த சட்டங்களால்தான் இந்தக் கதை ஒருவாறு முடிந்தது. பத்திரம் இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்பதை மலையகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது முன்பு சொன்ன விதிக்கு வருகிறேன். இங்கே சுற்றுலா விசாவில் வந்தவர் வேலை செய்யக்கூடாது என்றால், துபாய்க்கும் ஓமானுக்கும் தாய்லாந்துக்கும் சுற்றுலா விசாவில் போகும் நம் பிள்ளைக்கும் அதே விதிதான். பசறையிலும் லுணுகலையிலும் ஹாலிஎலயிலும் சப் ஏஜென்டுகள் என்ன சொல்கிறார்கள்? "விசிட்டில் போ அக்கா, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்." போய் இறங்கிய நாளிலேயே உங்கள் கை கட்டப்பட்டுவிடுகிறது. சம்பளம் தராவிட்டால் முறைப்பாடு செய்யப் பயம், ஏனென்றால் வேலை செய்ததே அந்த நாட்டில் குற்றம். நாட்கள் கடந்தால் அபராதம். காயப்பட்டால் காப்புறுதி இல்லை.

2022 நவம்பரில் ஓமான் விவகாரம் வெளியே வந்தது. விசிட் விசாவில் கொண்டுபோய் விடப்பட்ட நம் நாட்டுப் பெண்கள் அங்கே சிக்கித் தவித்தார்கள். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் வேலை பார்த்த ஒரு அதிகாரியே கைதானார். கம்பியூட்டர் வேலை என்று தாய்லாந்து வழியாகப் போன இளைஞர்கள் மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். 2024இல் அவர்களில் பலரை மீட்க வேண்டியிருந்தது. நகையை அடகு வைத்து, ஈ.பி.எப். காசையும் கொடுத்து, பிள்ளையை அப்படி ஒரு இடத்துக்கா அனுப்புவது?

வெளிநாடு போகாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. தோட்டச் சம்பளத்தில் குடும்பம் ஓடாதபோது போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. போகிறவர்கள் சரியான வழியில் போக வேண்டும் என்பதே சங்கத்தின் வேண்டுகோள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1989 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

இரண்டு: விசாவில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது? ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். நாங்கள் ஆசிரியர்கள் வாசித்துச் சொல்வோம். 'விசிட்', 'டூரிஸ்ட்' என்று இருந்தால் பயணத்தை நிறுத்துங்கள்.

மூன்று: உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்பந்தத்தை விளங்கிக்கொள்ளாமல் கையெழுத்து வைக்காதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நான்கு: பணியகத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். காப்புறுதிக்கும் தூதரக உதவிக்கும் அதுவே ஆதாரம்.

ஐந்து: பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதியையும் வீட்டில் ஒன்று, தோட்டத் தலைவரிடம் ஒன்று வைத்துவிட்டுப் போங்கள்.

தோட்டக் கமிட்டிகளுக்கும் ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு கொப்பி வையுங்கள். யார் வெளிநாட்டில் இருக்கிறார், எந்த ஏஜென்சி, எந்த விசா, வீட்டில் யாருடைய போன் நம்பர் என்று எழுதுங்கள். மாதர் அணி இதைப் பொறுப்பெடுத்தால் நன்றாக நடக்கும். ஊருக்குள் புதிதாக சப் ஏஜென்ட் ஒருவர் வந்தால், அவர் அடுத்த லயத்துக்குப் போகும் முன்பே சங்கக் காரியாலயத்துக்குச் செய்தி வரட்டும்.

அன்று நம் பாட்டன்மாருக்குச் சீட்டில் எழுதியிருந்ததை வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. இன்று ஒவ்வொரு லயத்திலும் படித்த பிள்ளை இருக்கிறது, சங்கம் இருக்கிறது. கையெழுத்து வைக்கும் முன் வந்து கேளுங்கள்.