துணியால் மூடிய நினைவுச் சின்னங்களும் ஒரு கணக்காளரின் கேள்வியும்



வழமையாக வருமான வரி, ஓய்வூதியம், வீட்டுக் கடன் என்று பேசுகிற ஆள் இன்று கலை பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனாலும் கணக்கை விட்டு வெகுதூரம் போகமாட்டேன், பயப்படாதீர்கள்.

பாரிஸ் நகரத்து வெற்றி வளைவை உங்களில் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். லா சப்பலில் சாமான் வாங்கப் போகிறவர்கள் கூடப் பிள்ளைகளை அங்கே கூட்டிச் சென்று ஒரு படம் எடுத்த பிறகுதான் திரும்புவார்கள். 1806 இல் நெப்போலியன் கட்டச் சொல்லி, 1836 இல் கட்டி முடித்த கல் வளைவு அது. உயரம் 50 மீற்றர். 2021 செப்டெம்பர் 18 முதல் ஒக்டோபர் 3 வரை, சரியாக 16 நாட்கள், அந்த வளைவின் கல் யாருக்கும் தெரியவில்லை. 25,000 சதுர மீற்றர் வெள்ளி நீலத் துணியால் மேலிருந்து கீழ்வரை போர்த்தி, 3,000 மீற்றர் சிவப்புக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பதினேழாம் நாள் முதல் எல்லாவற்றையும் கழற்றத் தொடங்கினார்கள். துணி மறுசுழற்சி செய்யக்கூடியது. வளைவின் கல் பழையபடி வெளியே வந்தது.

இதற்குச் செலவு சுமார் 14 மில்லியன் யூரோ.

வர்த்தகம் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு செலவு பல ஆண்டுகளுக்குப் பயன் தருமென்றால் அதைச் சொத்து என்று ஐந்தொகையில் காட்டுவோம். அந்த ஆண்டோடு முடிந்துபோனால் இலாபநட்டக் கணக்கில் செலவாக எழுதிவிடுவோம். 14 மில்லியனைச் செலவழித்து, கையில் ஒரு முழத் துணி கூட மிஞ்சாத இந்த வேலையை எந்தப் பக்கத்தில் எழுதுவது? இதுதான் என் கேள்வி. அதற்கு விடை தேடப் போனபோது, இந்த வேலையைச் செய்த மனிதரும் எங்களைப் போல ஓடி வந்தவர் என்பது தெரிந்தது.

அவர் பெயர் கிறிஸ்தோ. 1935 இல் பல்கேரியாவில் கப்ரோவோ என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் துணித் தொழிலோடு தொடர்புடைய ஒரு தொழிற்சாலை வைத்திருந்தார். கம்யூனிஸ்ட் அரசு வந்ததும் அது அரசுடைமையாயிற்று. மகன் சோஃபியா நகரத்தில் ஓவியம் படித்தார். அந்த நாட்களில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மேற்கு நாட்டுப் பயணிகள் வரும் ரயில் பாதையோரக் கிராமங்களுக்குப் போய், வைக்கோற்போர்களையும் இயந்திரங்களையும் செழிப்பாகத் தெரியும்படி அடுக்கி வைக்கும்படி விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டும். நாடு நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்கான ஏற்பாடு. இப்படிப்பட்ட ஏற்பாடுகளை நாங்களும் எங்கள் ஊரில் கண்டிருக்கிறோம், விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1957 தை மாதம் அவர் பிராக் நகரத்திலிருந்து ஒரு சரக்கு ரயில் பெட்டியில் மறைந்து வியன்னாவுக்குத் தப்பினார். பிறகு ஜெனீவா, 1958 இல் பாரிஸ். பணக்காரர் வீடுகளில் முகப்படம் வரைந்து பிழைத்தார். அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோதுதான் அந்த வீட்டு மகள் ழான் குளோட்டைச் சந்தித்தார். இருவரும் பிறந்தது ஒரே நாள், 1935 ஜூன் 13. பிற்பாடு இருவரும் மணமுடித்து, வாழ்நாள் முழுவதும் சேர்ந்தே வேலை செய்தார்கள். 1964 இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார்கள். கிறிஸ்தோவுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1973 இல். அதுவரை அவர் எந்த நாட்டுக்கும் உரியவரல்ல, நாடற்றவர்.

வெற்றி வளைவை மூடும் யோசனை அவருக்கு அந்தப் பாரிஸ் நாட்களிலேயே வந்துவிட்டது. வளைவுக்கு அண்மையில் ஒரு சிறிய அறையில் வாடகைக்கு இருந்த அகதி இளைஞன், 1960களின் தொடக்கத்தில், படங்களை ஒட்டி ஒரு மாதிரி செய்து வைத்தான். அது நிறைவேற ஏறக்குறைய 60 ஆண்டுகள் ஆயிற்று. ழான் குளோட் 2009 இலும், கிறிஸ்தோ 2020 மே 31 இலும் காலமாகிவிட்டார்கள். கிறிஸ்தோவின் நெருங்கிய உறவினர் ஒருவர் முன்னின்று வேலையை முடித்துக் கொடுத்தார்.

இனிக் கணக்குக்கு வருவோம். அந்த 14 மில்லியனில் அரசாங்கத்தின் பணம் இல்லை. எந்தக் கம்பனியும் விளம்பரத்துக்காகக் கொடுத்த பணமும் இல்லை. பார்க்க வந்தவர்களிடம் கட்டணமும் இல்லை. இந்தத் தம்பதியர் தங்கள் எல்லா வேலைகளுக்கும் ஒரே வழியைத்தான் பின்பற்றினார்கள். ஒரு திட்டத்துக்காகக் கிறிஸ்தோ வரைந்த ஓவியங்களையும் மாதிரிகளையும், பழைய படைப்புகளையும் சேகரிப்பாளர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்பார்கள். அதற்கென்று ஒரு கம்பனி பதிந்து வைத்திருந்தார்கள், ழான் குளோட்தான் அதன் தலைவர். திட்டம் முடிந்த பிறகு அதைப் பற்றிப் புதிதாக ஒரு ஓவியமும் வரைவதில்லை. ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் இவர்களுடைய முறையை ஒரு பாடமாகவே எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று, வேலைக்கு வருகிறவர்களிடம் அவர்கள் தொண்டாக வேலை வாங்குவதில்லை, எல்லோருக்கும் கூலி. இதை எங்கள் வானொலி நிர்வாகிகளுக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரத்துச் சொல்கிறேன்.

ஏன் இந்தப் பிடிவாதம்? பணம் கொடுக்கிறவன் சொல்லுக்குக் கட்டுப்படாமல் இருக்கத்தான். என் கணிப்பில் இன்னொன்றும் உண்டு. தகப்பனின் தொழிற்சாலையை அரசு எடுத்துக்கொண்டதைக் கண்ட பிள்ளை, யாராலும் வாங்கவும் பறிக்கவும் பூட்டி வைக்கவும் முடியாத ஒன்றைச் செய்ய விரும்பியிருக்கிறான். 16 நாளில் இல்லாமற் போவதை எந்த அரசு பறிமுதல் செய்யும்?

பாரிஸ் நகரத்திலேயே 1985 செப்டெம்பரில் இவர்கள் பொன் நெஃப் பாலத்தை மணல் நிறத் துணியால் மூடினார்கள். பெயருக்குப் பொருள் புதுப் பாலம். ஆனால் பாரிசில் இன்று நிற்கும் பாலங்களில் அதுதான் மிகப் பழையது. அந்த இரண்டு கிழமையும் மக்கள் வழமைபோல அதன்மேல் நடந்து போனார்கள். ஏறத்தாழ 30 இலட்சம் பேர் வந்து பார்த்தார்கள்.

ஆனால் எங்களுக்கு மிகவும் நெருக்கமானது பேர்லினில் நடந்தது. எங்களில் பலர் 1980களின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, பிரீட்றிஷ்ஸ்ராச ரயில் நிலையத்தால் மேற்கு பேர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டவர்கள். என் அண்ணரும் அப்படி வந்தவர்தான். அந்த நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, பேர்லின் சுவரை ஒட்டினாற்போல நின்ற பெரிய கட்டடம்தான் ரைஷ்ராக், ஜேர்மனியின் பழைய பாராளுமன்றம். 1894 இல் கட்டி முடித்தது. 1933 இல் தீப்பிடித்தது, அந்தத் தீயைச் சாட்டியே ஹிட்லர் மக்களின் உரிமைகளைப் பறித்தார். 1945 இல் சோவியத் படைகள் கூரையில் கொடி ஏற்றின. 1961 இல் அதன் பின்புறத்தால் சுவர் எழும்பியது. அப்படிப்பட்ட கட்டடத்தை என்ன செய்வதென்று ஜேர்மன்காரருக்கே நெடுங்காலம் தெரியவில்லை.

அதை மூடும் யோசனை 1971 இல் பிறந்தது. மூன்று தடவை மறுத்தார்கள். கடைசியில் 1994 பெப்ரவரி 25 ஆம் திகதி ஜேர்மன் பாராளுமன்றமே இதை விவாதத்துக்கு எடுத்தது. ஒரு கலைப் படைப்புக்கு அனுமதி கொடுப்பதா இல்லையா என்று பாராளுமன்றத்தில் பெயர் சொல்லி வாக்கெடுப்பு! தேசியச் சின்னத்தோடு விளையாடக் கூடாது என்று சான்சலர் ஹெல்முட் கோலின் பக்கத்தார் எதிர்த்தார்கள். அவருடைய கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் ரீற்றா சூஸ்முத் ஆதரித்தார். ஆதரவாக 292, எதிராக 223, நடுநிலை 9.

1995 ஜூன் 24 ஆம் திகதி மூடி முடித்தார்கள். ஒரு இலட்சம் சதுர மீற்றர் வெள்ளி நிறத் துணி, 15 கிலோமீற்றருக்கு மேல் நீலக் கயிறு. கயிற்றில் தொங்கி வேலை செய்ய மலையேறும் வீரர்கள் 90 பேர். இரண்டு கிழமைக்குள் 50 இலட்சம் பேர் வந்தார்கள். போரையும் பிரிவினையையும் நினைவூட்டி நின்ற கட்டடத்தைச் சுற்றிப் புல்வெளியில் குடும்பம் குடும்பமாக இருந்து சாப்பிட்டார்கள். காற்றடிக்கத் துணி அசைந்தது. அண்ணரும் இரண்டு பிள்ளைகளோடு போனார். அங்கே வந்தவர்களுக்கு அந்தத் துணியில் சிறு துண்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் ஒன்றை ஒரு தபாலட்டையோடு உறையில் போட்டு, கொழும்பில் இருந்த எனக்கு அனுப்பினார். "டேய், ஐஞ்சு சதம் வாங்கேல்லையடா" என்று எழுதியிருந்தார்.

அதே 1995 ஐப்பசி முடிவில் வலிகாமம் இடம்பெயர்ந்தது உங்களுக்குத் தெரியும். அம்மா தென்மராட்சியில் ஒரு தறப்பாளுக்குக் கீழே பல மாதம் இருந்துவிட்டுத்தான் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். என் மேசையில் இருந்த தபாலட்டையைப் பார்த்தார், துணித் துண்டைக் கையில் எடுத்துத் தடவினார். "நாங்கள் ஒரு தறப்பாளுக்கு வரிசையில நிண்டம் தம்பி. இவங்கள் கட்டடத்துக்குப் போர்த்துறாங்கள்" என்றார்.

நேயர்களே, அம்மாவின் கேள்வி நியாயமானது. ஒரு குடும்பத்துக்கு 20 சதுர மீற்றர் தறப்பாள் என்று வைத்தால், அந்தத் துணியின் அளவுக்கு 5,000 குடும்பங்கள் மழைக்கு ஒதுங்கியிருக்கலாம். இந்தக் கணக்கை நான் மனதுக்குள் பலமுறை போட்டிருக்கிறேன்.

அதற்கு என் பதில் இதுதான். அந்தத் துணி யாருடைய தறப்பாளையும் வெட்டி எடுத்ததல்ல. ஒரு அகதி தன் ஓவியத்தை விற்று வாங்கியது. எங்களுக்குத் தறப்பாள் கிடைக்காததற்குக் காரணம் உலகத்தில் துணி தட்டுப்பாடு என்பதல்ல, தர வேண்டியவர்கள் தர விரும்பவில்லை. கலைக்காரனின் துணியை நிறுத்தியிருந்தால் அது தென்மராட்சிக்கு வந்திருக்காது. அத்தோடு, ஒருநாள் அலங்காரத்துக்குச் செலவழிப்பதை நாங்கள் அறியாதவர்களல்ல. ஒரு சாமத்தியச் சடங்கின் மண்டபச் செலவை யோசித்துப் பாருங்கள். அங்கே அழைப்பிதழ் உள்ளவருக்கு மட்டும் இடம். பேர்லினில் வழியால் போன எவரும் வந்து நிற்கலாம், குடியுரிமை கேட்கவில்லை.

பயன் என்ன என்றும் கேட்கலாம். நினைவுச் சின்னம் நெடுங்காலம் ஒரே இடத்தில் நின்றால் கண்ணுக்குப் படாமற் போய்விடும். அதை இரண்டு கிழமை மறைத்தால், இங்கே என்ன நின்றது, ஏன் நின்றது என்று ஊரே கேட்கத் தொடங்கும். ரைஷ்ராக்கைப் பற்றிப் பேசப் பயந்த ஒரு நாடு, அதை மூடுவதா என்ற விவாதத்தில் தன் வரலாற்றைப் பேசித் தீர்த்தது. துணியைக் கழற்றிய கையோடு கட்டடத்தைத் திருத்தத் தொடங்கினார்கள். 1999 இல் பாராளுமன்றம் அங்கே திரும்பி வந்தது.

மறைப்பதிலும் ஒரு மரியாதை உண்டு. வெற்றி வளைவின் கீழே பெயர் அறியாப் போர்வீரன் ஒருவனின் கல்லறையும் 1923 முதல் எரியும் சுடரும் இருக்கின்றன. வேலை நடந்த நாட்களிலும் அந்தச் சுடர் அணையவில்லை, மாலைதோறும் நடக்கும் சுடரேற்றும் சடங்கும் நிற்கவில்லை. முதலில் 2020 வசந்த காலத்தில் செய்ய இருந்ததை, வளைவில் கூடு கட்டும் வல்லூறுகளுக்கு இடைஞ்சல் வராதபடி தள்ளிப்போட்டார்கள். பிறகு கொவிட் தொற்றால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவாக எழுப்பிய தூபியை 2021 ஜனவரியில் ஓரிரவில் இடித்ததை நாங்கள் மறக்கவில்லை. மாணவரும் மக்களும் எழுந்ததால் அதை மீண்டும் கட்டினார்கள். சீமெந்தால் கட்டியதையே இடிக்கலாம் என்றால், நினைவு நிலைப்பது சீமெந்தின் பலத்தால் அல்ல. அதைத் திரும்பத் திரும்பக் கேட்கவும் சொல்லவும் ஆட்கள் இருப்பதால்தான். பிறந்த நாட்டின் மண்ணில் ஒரு கல் நாட்ட முடியாமல் இங்கே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு துணியும் கயிறும் நல்ல கேள்வியும் இருந்தால், இரண்டு கிழமையில் ஒரு நகரத்தையே நினைக்க வைக்கலாம்.

ஆகவே அந்த 14 மில்லியனை நான் செலவுப் பக்கத்தில்தான் எழுதுவேன், ஏனெனில் கணக்கியல் விதி அப்படி. ஆனால் அதை வீண் செலவு என்று குறிக்கமாட்டேன்.

விடுமுறைக்குப் பேர்லின் போகிறவர்கள் ரைஷ்ராக்கின் கண்ணாடிக் குவிமாடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அனுமதி இலவசம், ஆனால் முன்கூட்டியே பதிய வேண்டும். மேலே நின்றுகொண்டு, இங்கே ஒரு அகதி என்ன செய்தார் என்று சொல்லிக் கொடுங்கள். இதே ஊருக்குள் பெரியப்பாவோ மாமாவோ எந்தப் பக்கத்தால் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வழமைபோலத் தன்மதிப்பீட்டு வரிப் பத்திரத்தோடு சந்திக்கிறேன்.