பந்தியும் கொட்டகையும்

(நீடாமங்கலத்தில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ‘எனக்குப் பிடித்த படங்கள்’ என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



“உனக்குப் பிடிச்ச படம் நாலு சொல்லு, ஏன் பிடிச்சதுன்னும் சொல்லு” என்று என்னை இங்கே நிறுத்திவிட்டார்கள். கவிதை வாசிக்கச் சொல்லியிருந்தால் பயமில்லை. சினிமா என்றால் பயமாகத்தான் இருக்கிறது. பிடித்த படத்தைச் சொல்வது என்பது, எந்தெந்தக் காலத்தில் யார் யாருக்காகக் கைதட்டினோம் என்று ஒப்புக்கொள்வது.

நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில் தென்தஞ்சை ஜில்லா காங்கிரஸ் மாநாடு நடந்தது. சமபந்தி போஜனம் என்றார்கள். அதை நம்பி நம்ம ஆட்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த குற்றத்துக்கு அடித்தார்கள், மொட்டையடித்தார்கள், சாணிப்பால் புகட்டினார்கள். ‘விடுதலை’ ஏடு எழுதித்தான் இது வெளியே தெரிந்தது. மாகாணத்தில் அப்போது ராஜாஜியின் ஆட்சி.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் சினிமாக் கொட்டகைகள் பரவிக்கொண்டிருந்தன. தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். அங்கே இடத்தைத் தீர்மானித்தது கையிலிருந்த காசு. தரையா, பெஞ்சா, சேரா என்பதுதான் கேள்வி. பந்தியில் மறுத்த இடம் கொட்டகையில் சில அணாவுக்குக் கிடைத்தது. சினிமாவை வெறும் கேளிக்கை என்று ஒதுக்குகிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, உட்கார இடம் கிடைத்தது. திரையில் இடம் கிடைத்ததா?

எங்கள் அப்பாயிக்குப் பிடித்த படம் ‘மதுரை வீரன்’ (1956). எனக்கும் அதுதான் முதல் படம். நாட்டார் கதையில் வீரன் நம்ம பிள்ளை. சினிமாவில் அவனை ராஜா வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டார்கள். காட்டில் விடப்பட்ட அந்தக் குழந்தையை என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் நடித்த செருப்புத் தைக்கும் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். வீரம் சேரியில் பிறக்காது, அரண்மனையிலிருந்துதான் வரவேண்டும் என்கிற பார்ப்பனியப் புத்தி இது. கல்லூரியில் படிக்கிற திமிரில் இதை அப்பாயியிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “பொறந்தது எங்கயோ இருக்கட்டும்டா. பாலும் சோறும் ஊட்டுனது யாரு?” அன்றைக்கு என் விமர்சனம் வாயை மூடிக்கொண்டது. படம் அவளிடமிருந்து பிடுங்கியதை அவள் படத்திடமிருந்து திருப்பிப் பிடுங்கியிருந்தாள்.

அடுத்தது பிடித்த படம் இல்லை, வெட்கப்படுகிற படங்கள். வாடகை டெக்கு எடுத்துவந்து தெருவில் விடிய விடியப் படம் ஓட்டிய காலம். ‘சின்ன கவுண்டர்’, ‘தேவர் மகன்’ இரண்டும் 1992. ‘நாட்டாமை’ 1994. எல்லாவற்றுக்கும் நான் கைதட்டியிருக்கிறேன். ஒருநாள் அப்பாவின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, தெருப் பையன்களுக்குத் தீர்ப்புச் சொன்னேன். அப்பா வேலைக்குக் கிளம்பி வந்தார். என்னைத் திட்டவில்லை. துண்டை எடுத்து மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனார். குடியானத் தெருவைத் தாண்டிப் போகவேண்டும். அந்தத் துண்டு அவர் தோளில் கிடந்து நான் பார்த்ததே கிடையாது. இது எனக்கு உறைக்கப் பத்து வருஷம் ஆனது.

இரண்டாவது படம் ‘அசுரன்’ (2019). பூமணியின் ‘வெக்கை’ நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது. கதை நடப்பது கரிசல் சீமையில். ஆனால் குடிசைகள் எரிகிற காட்சி வந்ததும், நான் பார்த்த தியேட்டரில் தரையில் சில்லறை விழுந்தால் கேட்கும். நம்ம டெல்டாக்காரனுக்கு அது சினிமா நெருப்பு இல்லை. கீழ்வெண்மணி, 1968 டிசம்பர் 25, 44 உயிர். வெண்மணியைப் பின்னணியாகக் கொண்ட ‘குருதிப்புனல்’ நாவலை வைத்து 1983-இல் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ வந்தது. அந்த நாவல் கூலிப் போராட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பண்ணையாரின் ஆண்மைக்குறைவைப் பேசியது என்ற விமர்சனம் இன்றும் நிற்கிறது. ‘அசுர’னில் காரணம் நிலம், செருப்பு. அதாவது சொத்தும் சுயமரியாதையும்.

அந்தப் படம் முடியும்போது, நிலத்தைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்கிறான் அப்பன். நானும் படித்தேன். பரீட்சை எழுதி வங்கி குமாஸ்தா ஆனேன். முதல் வேலை வேறொரு ஊரில். “சாருக்கு எந்த ஊரு?” என்றார்கள். நீடாமங்கலம் என்றேன். “நீடாமங்கலத்துல எங்க?” என்றார்கள். தெருவைச் சொன்னேன். மறுநாளிலிருந்து எல்லாருக்கும் கண்ணாடி கிளாசில் டீ, எனக்கு மட்டும் பேப்பர் கப். “சுத்தமா இருக்கும்ல சார்” என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். படிப்பைப் பிடுங்கவில்லை, கிளாசைப் பிடுங்கிவிட்டார்கள்.

அதனால்தான் மூன்றாவது படம் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018). சட்டக் கல்லூரி மாணவன் பரியனைத் தோழி கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறாள். மண்டபத்தில் அவளுடைய சொந்தக்காரர்கள் அறைக்குள் அடைத்து அடிக்கிறார்கள், மேலே மூத்திரம் பெய்கிறார்கள். கூப்பிட்ட விருந்தில் அடி. 1937-க்கும் இதற்கும் நடுவில் 81 வருஷம். படத்தின் கடைசியில் ஒரு மேசையில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. அதைப் பார்த்து என் பக்கத்து சீட்டுக்காரர் ‘அழகா எடுத்திருக்கான்’ என்றார். எனக்கு அழகாகத் தெரியவில்லை. என்னுடைய கிளாஸ் எங்கே என்றுதான் தேடினேன்.

நான்காவது மராத்திப் படம். நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்ட்ரி’ (2013). பன்றி பிடிக்கிற குடும்பம். பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் கேட்டதும் அசையாமல் நிற்கிறார்கள், பன்றி தப்பிவிடுகிறது. பிறகு பிடித்த பன்றியைத் தூக்கிக்கொண்டு அம்பேத்கர், பூலே படங்கள் வரைந்த சுவரைக் கடந்து போகிறார்கள். ஊர் சிரிக்கிறது. கடைசியில் பையன் ஜப்யா ஒரு கல்லை எடுத்து எறிகிறான். அது நேராக நம்மை நோக்கி வருகிறது. திண்ணையில் துண்டு போட்டுத் தீர்ப்புச் சொன்ன அந்தப் பையன் மேல் அது பட்டதாகத்தான் நினைக்கிறேன். படவேண்டியதுதான்.

இந்த நான்கிலும் எனக்கு ஒரு குறை உண்டு. மறைக்கக் கூடாது. எல்லாம் ஆண்பிள்ளைக் கதை. வெண்மணியில் எரிந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். வயலில் குனிந்து நடுகிற முதுகுகள் அவர்களுடையவை. நம்ம ஆட்கள் படம் எடுக்க வந்த பிறகும் அவர்கள் பெரும்பாலும் அழவும் காத்திருக்கவும்தான் வருகிறார்கள். அப்பாயியை மையமாக வைத்த ஒரு படம் இன்னும் என் பட்டியலில் இல்லை. பந்தியில் நமக்கு நடந்ததை நம்ம திரையில் நாமே அவர்களுக்குச் செய்யலாமா?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போய் உங்க அம்மாவிடம், அப்பாயியிடம், எந்தப் படம் பிடிக்கும், எந்த இடத்தில் அழுதாய், எந்த இடத்தில் உனக்குள்ளேயே சிரித்தாய் என்று கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். நான் செய்த தப்பு அது. கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வாசிப்போம். டீ நான் வாங்கித் தருகிறேன், கண்ணாடி கிளாசில்.