பேச்சை எழுதும் கை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு சகோதரி, "எம் மக அழகா எழுதுறா, படம் போடுறா. இதெல்லாம் சோறு போடுமா?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியல. விசாரிச்சுட்டு வந்திருக்கோம்.

படக்கதைப் புத்தகம் பார்த்திருப்பீங்க. சிவகாசியில் இருந்து வந்த முத்து காமிக்ஸ் மாதிரி. அதுல ஆளுக்குப் பக்கத்துல வட்டம் போட்டு, அதுக்குள்ள பேச்சு இருக்கும். அமெரிக்காவில் படம் வரைபவர் வேறு, அந்தப் பேச்சை எழுதுபவர் வேறு. அதுவே ஒரு தனித் தொழில்.

அதில் பேர் பெற்றவர் டாட் கிளைன். 1951-ல் பிறந்தவர். 1977-ல் நியூயார்க்கில் டி.சி. காமிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். முதலில் பக்கங்களில் தப்பைத் திருத்துவது, வெட்டி ஒட்டுவதுதான் வேலை. மூத்தவங்க எழுதின பக்கங்களைப் பார்த்துப் பார்த்தே பழகினார். பத்து வருஷம் கழித்து, 1987-ல் தனியாகத் தொழில் செய்ய வெளியே வந்தார்.

வேலை சுலபம்னு நினைக்காதீங்க. பென்சிலில் மெல்லிசா கோடு போட்டு, மைப்பேனாவால் ஒவ்வொரு எழுத்தாக எழுதணும். கத்தினால் வட்டம் முள்ளு முள்ளா இருக்கும். ரகசியம் என்றால் விட்டு விட்டு வரும் கோடு. 1989 முதல் 1996 வரை வந்த 'சாண்ட்மேன்' கதையில் கனவுகளின் அரசன் பேசினால் கறுப்பு வட்டத்தில் வெள்ளை எழுத்து. அவனுடைய தங்கை, புத்தி தடுமாறினவள், பேசினால் எழுத்தே கோணல்மாணலா ஆடும், பின்னால் பல வண்ணம். படிக்கும்போதே குரல் வேற வேறன்னு தெரியும். புத்தகத் தலைப்புகளையும் அவரே வடிவமைத்துக் கொடுத்தார். 1993-ல் தொடங்கி ஐஸ்னர் விருது 15 முறைக்கு மேல் வாங்கியிருக்கார்.

1990-களில் கம்ப்யூட்டர் வந்துச்சு. கையால் எழுதும் வேலை வேகமாகக் குறைஞ்சது. கிளைன் நாற்பது வயதைத் தாண்டியும் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, தன் கையெழுத்திலிருந்தே கம்ப்யூட்டர் எழுத்துகள் செய்துகொண்டார். எல்லாருக்கும் அப்படி அமையல, அதையும் சொல்லிடணும்.

எங்களுக்கு மனசுல நின்னது வேற ஒண்ணு. 'சூப்பர்மேன்' தலைப்பை 1940-ல் திருத்தி அமைத்தவர் ஐரா ஷ்னாப். அவருக்குப் பின் வந்த பெரிய கை கேஸ்பர் சலடினோ. இவங்க எழுதின எத்தனையோ புத்தகங்களில் இவங்க பேர் கிடையாது. எழுத்தின் வளைவு, பேச்சு வட்டத்தின் வடிவம் இதையெல்லாம் ஒப்பிட்டு, எது யார் எழுதியதுன்னு கண்டுபிடித்து, கிளைன் எழுதி வெளியிட்டார்.

நம்ம தீர்மானப் புத்தகத்தை மாசாமாசம் எழுதுறவங்க பேர் அதில் எங்கே இருக்கு? வந்து தேடிப் பார்த்தோம், இல்லை. இந்த மாசத்திலிருந்து கடைசி வரியில் அந்தப் பேரும் வரணும்.

அந்தச் சகோதரியின் மகளிடம் நம் இதழின் அடுத்த தலைப்பை எழுதித் தரக் கேட்டிருக்கோம். கூலி உண்டு. பேரும் கீழே வரும்.