திரையில் ஓடும் கோடுகள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்து வீடுகளில் பழைய சாமான்களுக்கு மறுபடியும் உயிர் வந்துவிடும். அண்ணன்மார் விளையாடி மூலையில் போட்ட வீடியோ விளையாட்டுப் பெட்டியைத் தம்பிமார் துடைத்தெடுத்துத் தொலைக்காட்சியில் மாட்டுவார்கள். மாட்டியதும் வருவது விளையாட்டா என்றால், பல வீடுகளில் இல்லை. திரை நிறையக் கோடுகளும் இரைச்சலும்தான் வருகின்றன. "டிவி போச்சுப்பா" என்பான் பிள்ளை. அப்பா பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டுவார். அதற்கும் சரியாகாவிட்டால் டவுன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் எண்பது வெள்ளி கொடுத்துப் பெட்டியைப் பழுது பார்த்து வந்தது. வீட்டில் மாட்டிப் பார்த்தால் அதே கோடுகள்! கோளாறு பெட்டியில் இல்லை. இணைக்கும் கம்பியின் முனையில் இருந்தது. புதுக் கம்பியின் விலை சில வெள்ளிதான்.

ஆகவே, கோடுகள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, எதில் கை வைக்கவே கூடாது என்னும் மூன்றையும் இன்று பார்ப்போம்.

பழைய விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமே இருக்கிறது. அது படத்தையும் ஒலியையும் ஓர் அலையில் ஏற்றி, கம்பி வழியாகத் தொலைக்காட்சியின் ஏரியல் துளைக்கு அனுப்புகிறது. இந்தப் பாதையில் நான்கு கண்ணிகள் உண்டு. மின்சாரம் தரும் அடாப்டர் ஒன்று, விளையாட்டுப் பெட்டி இரண்டு, இணைக்கும் கம்பி மூன்று, தொலைக்காட்சி நான்கு.

மங்கில் பால் குறைந்தால் மரம் செத்துப்போயிற்று என்று நாம் சொல்வதில்லை. மங்கு சாய்ந்திருக்கிறதா, தகரம் விலகியிருக்கிறதா, வெட்டுக் கோட்டில் அடைப்பா என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கேயும் அதே முறைதான். கோளாறின் தோற்றத்தைப் பார்த்தால் எந்தக் கண்ணியில் குறை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதல் தோற்றம், திரை முழுதும் அரிசி மாவு தூவியது போன்ற புள்ளிகள். அலை பலவீனமாக வருகிறது என்பதே இதன் பொருள். சேனல் சரியாகப் பிடிபடவில்லையா என்று முதலில் பாருங்கள். விளையாட்டுப் பெட்டியை ஓடவிட்டு, தொலைக்காட்சியில் மெதுவாகச் சேனல் தேடுங்கள். பிடித்த பிறகும் புள்ளிகள் இருந்தால் கம்பியைச் சந்தேகியுங்கள். ஏரியல் கம்பியின் நடுவில் ஒரு செப்பு நரம்பும் அதைச் சுற்றிப் பின்னல் வலையும் இருக்கும். வலை அறுந்தால் வெளியலைகள் உள்ளே புகும். வலையின் ஓர் இழை நடு நரம்பைத் தொட்டுவிட்டால் படமே வராமற்போகும். முனையைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். படம் வந்து வந்து போனால் குறை அங்கேதான்.

இரண்டாவது தோற்றம், சாய்ந்த மெல்லிய கோடுகள், மீன்முள் அடுக்கியது போல. வேறோர் அலை குறுக்கே வருகிறது என்று இதற்குப் பொருள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆகையால் பழைய தொலைக்காட்சியில் நேராகச் செருகிய கூரை ஏரியல் இனி நல்ல படம் எதையும் கொண்டுவராது; குறுக்கீட்டைத்தான் கொண்டுவரும். அதைக் கழற்றிவிடுங்கள். இரண்டையும் மாற்றிவிடும் சுவிட்சுப் பெட்டி இடையில் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, விளையாட்டுப் பெட்டியை நேராக இணையுங்கள். அருகிலுள்ள கைப்பேசிச் சார்ஜர், விளக்கு, மின்விசிறி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைக்கும்போது கோடு மறைகிறதோ, அதுவே குற்றவாளி.

ஜப்பானிலிருந்து வந்த பெட்டியானால் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே விளையாட்டுப் பெட்டிகள் சேனல் 1 அல்லது 2இல் படத்தை அனுப்பும். அது 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் நாட்டு எஃப்எம் வானொலிகள் பாடும் இடமும் அதுதான்! பாட்டு அலையும் பட அலையும் மோதினால் திரையில் கோடு விழத்தானே செய்யும்? நம் பழைய தொலைக்காட்சிகள் பலவற்றால் அந்த இடத்தைப் பிடிக்கவும் முடியாது.

மூன்றாவது தோற்றம், பாய் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை மெல்ல மேலே ஏறுவது அல்லது கீழே இறங்குவது. கூடவே ஒலியில் வண்டு ரீங்காரம் கேட்கலாம். இது மின்சாரத்தின் வேலை. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. அந்த அதிர்வை அடாப்டர் முழுமையாக வடிகட்டாவிட்டால் அது படத்தில் தெரியும். ஒலிபெருக்கி, வீடியோக் கருவி முதலியவற்றைக் கழற்றி, விளையாட்டுப் பெட்டியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பட்டை போய்விட்டால் கோளாறு மற்றக் கருவிகளின் இணைப்பில். போகாவிட்டால் அடாப்டரை மாற்ற வேண்டும்.

அடாப்டரை மாற்றும்போது, முனை நுழைகிறதே என்று கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள். ஜப்பானில் 1983இல் வந்த நிண்டெண்டோ பெட்டிக்கு 10 வோல்ட் நேர் மின்சாரம் வேண்டும்; அதன் முளையில் நடுமுனை எதிர்மின். அதன் அமெரிக்க வடிவத்தோடு வந்த அடாப்டரோ 9 வோல்ட் மாறு மின்சாரம் தருவது. அதை ஜப்பானியப் பெட்டியில் செருகினால் பெட்டி பாழாகக்கூடும். ஜப்பானிய அடாப்டர் அந்நாட்டின் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவரில் வருவதோ ஏறக்குறைய 240 வோல்ட். நேராகச் செருகினால் புகைதான் வரும். அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு செருகுங்கள்.

நான்காவது தோற்றம், படம் கறுப்பு வெள்ளையாக வருவது அல்லது நிற்காமல் உருளுவது. இது பழுதாகவே இல்லாமலிருக்கலாம். நாடுகளுக்கிடையே முறை வேறு. நம் நாட்டு அனலாக் தொலைக்காட்சி பால் என்னும் முறையைச் சேர்ந்தது. பால் என்றதும் மரத்துப் பால் நினைவுக்கு வரும்; இது அதுவன்று. இந்தப் பால் முறையில் 625 கோடுகள், வினாடிக்கு 50 முறை. ஜப்பானும் அமெரிக்காவும் கைக்கொண்ட என்.டி.எஸ்.சி. முறையில் 525 கோடுகள், வினாடிக்கு ஏறக்குறைய 60 முறை. இரண்டையும் ஏற்கும் தொலைக்காட்சி இருந்தால்தான் நிறம் வரும். படம் நன்றாக வந்து ஒலி மட்டும் இரைந்தால் அதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. ஹாங்காங்கின் அனலாக் முறையில் ஒலி, படத்திலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நின்றது. நம் முறையில் 5.5 மட்டுமே. அங்கே விற்கச் செய்த பெட்டியை இங்கே ஏரியல் துளையில் மாட்டினால் ஒலி பொருந்தாது.

இந்தத் தொல்லைகளில் பலவற்றுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. விளையாட்டுப் பெட்டியில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருந்தால் ஏரியல் துளையை விட்டுவிட்டு அவற்றையே பயன்படுத்துங்கள். மஞ்சள் படத்துக்கு, மற்றவை ஒலிக்கு. பல வீடுகளில் டிஜிட்டல் பெட்டி அந்த இடத்தைப் பிடித்திருக்கும். விளையாடும் நேரத்துக்கு மட்டும் அதைக் கழற்றி வைக்கலாம். தட்டைத் திரைத் தொலைக்காட்சி சிலவற்றில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளைதான். அங்கே படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், எந்த உள்ளீட்டைத் தேர்ந்திருக்கிறோம் என்று பாருங்கள்.

படம் கட்டம் கட்டமாகச் சிதறினால் அது குறுக்கீடு அன்று. விளையாட்டு அட்டையின் முனை அழுக்கானதால் வருவது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் துருவுக்கு வழி. பஞ்சில் சிறிது சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

இனி, மிக முக்கியமான எச்சரிக்கை. கண்ணாடிக் குழாய் உள்ள பழைய தொலைக்காட்சியின் பின்மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். நிறத் தொலைக்காட்சிக் குழாயில் ஏறத்தாழ 25,000 வோல்ட் ஓடுகிறது. செருகியைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும். பெட்டிக்கு வெளியே உள்ள கம்பிகள் நமக்கு. உள்ளே உள்ளது பயிற்சி பெற்றவருக்கு. இடி மின்னல் நேரத்தில் விளையாட்டை நிறுத்தி, மின் செருகியையும் ஏரியலையும் கழற்றிவிடுங்கள். கம்பிகளைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் எல்லாச் சாதனங்களும் அணைந்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே, கடைசியாக ஒன்று. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், பாருங்கள். பயனில்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்றுங்கள். பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும்: எதை மாற்றினேன், திரையில் என்ன கண்டேன் என்று. வகுப்பறையில் நாங்கள் அறிவியல் சோதனை என்று கற்றுக்கொடுப்பதும் இதைத்தான். விளையாட்டுக்காகத் தொடங்கிய பிள்ளை, காரணத்தைத் தேடும் பழக்கத்தோடு எழுந்திருப்பான். அப்படியும் குறை தீராமல் கடைக்குப் போக நேர்ந்தால், அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எதெதைச் சோதித்தோம் என்று சொல்லத் தெரிந்தவருக்குத் தேவையில்லாத செலவு வராது.