நாகத்துள் மறைந்த மாசு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற மாரியில் வெள்ளம் ஏறியபோது சங்கத்துப் பெட்டியைத் திறந்து ரோர்ச் லைற்றுகளை எடுத்தோம். ஒருநாளும் பாவியாத புதுப் பற்றரிகள்; ஆயினும் பொசிந்து, வெண்பொடி பூத்துக் கிடந்தன. அன்றிரவு அரிக்கன் லாம்புடனேதான் தோணி தள்ளினோம்.

செம்பிற் களிம்பு போல ஆணவம் ஆன்மாவோடு கூடியே உள்ளதென்பர் நம் சித்தாந்திகள். பற்றரியிலுள்ள நாகத்துக்கும் அத்தகைய உட்பகை உண்டு. நாகம் என்றதும் முன்வரிசைச் சிறுவர் காலைத் தூக்க வேண்டாம்; பற்றரிக்குள் கரைந்து மின்னைத் தரும் உலோகத்தையே சொல்லுகிறோம்.

நூற்றுக்கு 99.99 பங்கு தூயதென்னும் நாகத்திலும், கிலோ ஒன்றுக்கு 100 மில்லிகிராம் வரை பிறபொருள் இருக்கலாம். தூய நாகத்தின் மேல் ஐதரசன் வாயு எளிதில் எழாது. இரும்போ, செம்போ, நிக்கலோ ஒரு புள்ளியளவு இருந்தால் அவ்விடத்தில் எளிதில் எழும். பற்றரி சும்மா கிடக்கும்போதே நாகம் அரிபடும். வாயு பெருகி அடைப்பைத் தள்ளும். நம் ஊர் வெக்கையும் அதனை விரைவாக்கும்.

மேசையிலுள்ள இரு குழாய்களையும் பாருங்கள். இரண்டிலும் நாகமும் ஐதான கந்தகவமிலமும் உள்ளன; ஒன்றில் மாத்திரம் செப்புச் சல்பேற்றுக் கரைசல் இரண்டு துளி. அதுவே பொங்குகிறது. மிஷன் பாடசாலையில் இதை ஐதரசனை விரைவாக எடுக்கும் முறையென்று படித்தோம். பற்றரியின் நோயும் இதுவேயென்று அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

முன்னர் நாகத்தூளுடன் சிறிது இரசம் சேர்த்து இதனை அடக்கினர். இரசம் நஞ்சாதலால் 1990களில் அவ்வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆகவே இன்று தூய்மையே காவல். மாசை அளந்தறிவது இன்றியமையாததாயிற்று.

அவுஸ்திரேலியாவில் அலன் வால்ஷ் 1955இல் ஒரு முறையை வெளியிட்டார். உலோகத்தை அமிலத்திற் கரைத்துச் சுவாலையில் தூவி, இரும்புக்குரிய ஒளியை அதனூடே செலுத்தினால், இரும்பணுக்கள் அவ்வொளியை உறிஞ்சும். ஒளி மங்கிய அளவே இரும்பின் அளவைக் காட்டும். இன்றோ ஆகன் வாயுவின் கடுஞ்சூட்டில் அணுக்களை மின்னேற்றி, திணிவுப்படி பிரித்து எண்ணும் கருவிகள் உண்டு. அவை கரைசலில் நூறு கோடியில் ஒரு பங்கையும் காணும்.

கருவி வாங்கினால் போதுமென்று எண்ணற்க. சோதிப்பவர் கை வியர்வையும், அமிலத்தின் அழுக்கும், வாவிக் காற்றின் உப்புந்தூசும் கணக்கிற் புகுந்துவிடும். அதனால் நாகமே இல்லாமல் எல்லாப் படிகளையும் ஒருமுறை செய்து, வந்த மாசை அளந்து கழிப்பர். பிறர்மேற் குற்றங் காணுமுன் தன் பாத்திரத்தைச் சோதிக்கும் இவ்வழக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்தது.

மின்கலங்களையும் உலோக அரிப்பையும் ஆராயும் பெரிய நிலையமொன்று காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் ஈந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கோயிலுக்கு வாரி வழங்கும் நம்மவர் ஆய்வுகூடத்துக்கும் வழங்குவரென்பதற்கு அது சான்று. வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொடையாளரும் இச்சபையில் இருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் குழாய்களைக் கிட்டவந்து பார்க்கலாம். குத்துவிளக்கை மாத்திரம் அப்பால் நகர்த்திவிடுங்கள், எழுவது ஐதரசன்.